விடியற்காலை நாலு மணிக்கு எத்தனை பாகை? மலையகத்தில் பாம்புப் பெட்டிக்குச் சூடு அமைத்தல்

ஹட்டனில் நான் முதன்முதலாகப் பாம்பு வளர்க்கத் தொடங்கிய நாட்களில், குளிர் கூடிய இரவுகளில் அம்மா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "ஒரு கம்பளிய போத்தி விடேன்டா, பாவம்." பனியிலும் மழையிலும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்தவர் அவர். குளிருக்கு அவர் அறிந்த மருந்து அதுதான்.

ஆனால் கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்பில் உண்டாகும் சூடு வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பாம்பின் உடம்பில் அப்படிப் பிடித்து வைக்கும் அளவுக்குச் சூடு உண்டாவதில்லை. இரை செரிப்பதற்கும், நோயை எதிர்ப்பதற்கும், தோல் உரிப்பதற்கும் அதற்கு வேண்டிய சூடு முழுவதும் வெளியிலிருந்தே வர வேண்டும். குளிர்ந்த பாம்பின் மேல் கம்பளியைப் போட்டால் குளிர்ந்த பாம்பு குளிர்ந்தபடியே இருக்கும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாம்பு வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் எழுதியவை. குளிர்காலத்தில் அவர்கள் வீடு முழுவதற்கும் சூடேற்றி வைத்திருப்பார்கள். அறை எப்போதும் 20 பாகைக்குக் குறையாது என்ற எண்ணத்தில்தான் "ஒரு ஹீட் மெட் போதும்" என்று எழுதுகிறார்கள். ஹீட் மெட் என்பது பாம்புக்கு அடியில் வைக்கும் மெல்லிய மின்சாரச் சூட்டுத் தகடு. நம் வீடுகளில் அறைக்குச் சூடேற்றும் வழக்கமே இல்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்தரையில் உறைபனி படிந்து தேயிலைத் தளிர் கருகிப் போகிறது. அந்த இரவில் வீட்டுக்குள் ஒரு மெட்டை மட்டும் நம்பிப் பாம்பை வைத்திருப்பது பெரிய ஆபத்து. ஆகவே இந்த வழிகாட்டியில் வரும் எல்லா அளவுகளுக்கும் அடிப்படை ஒரே நேரம்தான்: ஆண்டிலேயே மிகக் குளிரான இரவின் விடியற்காலை நாலு மணி. அந்த நேரத்தில் பெட்டி தாங்கினால் மற்ற நேரங்களில் தானாகவே தாங்கும்.

எந்தப் பாம்பு

நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்க்க வேண்டாம். மலைப்பாம்புக் குட்டி அகப்பட்டது, சாரைக் குட்டி அகப்பட்டது என்று போத்தலில் போட்டுக் கொண்டுவருபவர்கள் உண்டு. நம் நாட்டு உயிரினங்களைப் பாதுகாக்க 1937 முதல் சட்டம் இருக்கிறது. அது பல தடவை திருத்தப்பட்டு இறுக்கமாகியிருக்கிறது. வெளிநாட்டு இனம் என்றாலும், முறைப்படி அனுமதி பெற்று வந்ததா என்பதை விற்பவரின் கடிதங்களைப் பார்த்தும், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் கேட்டும் உறுதி செய்த பிறகே காசு கொடுங்கள்.

வெளிநாட்டு வளர்ப்புப் பாம்புகளில் பலரும் கேட்பது இரண்டைத்தான்: கோர்ன் ஸ்னேக், போல் பைதன். போல் பைதனின் சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் பக்கம், மேற்கு ஆப்பிரிக்காவின் வெக்கை பூமி. கோர்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. அதன் வடக்கு எல்லைகளில் குளிர்காலம் முழுவதும் பொந்துக்குள் அடங்கிக் கிடந்து வசந்தத்தில் வெளியே வரும். கண்டியிலோ பதுளையிலோ இருப்பவர் எதை வளர்த்தாலும் சமாளிக்கலாம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, ஹப்புத்தளை என்று மேலே போகப் போக, புதிதாகத் தொடங்குபவர் கோர்ன் ஸ்னேக்கையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓரிரவு கரண்ட் போனால் கோர்ன் ஸ்னேக் தாங்கும். போல் பைதன் உடனே சாகாது. ஆனால் அப்படி நாலைந்து இரவுகள் வந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும்.

மனதில் வைக்க வேண்டிய அளவுகள் இவை. கோர்ன் ஸ்னேக்குக்குச் சூடான பக்கத்துத் தரை 28 முதல் 30 பாகை, குளிர்ந்த பக்கம் 22 முதல் 24. இரவில் 20 வரை இறங்கலாம். போல் பைதனுக்குச் சூடான பக்கம் 31, 32. குளிர்ந்த பக்கம் 25, 26. இரவில் 24க்குக் கீழே போக விடாமல் பார்ப்பது நல்லது. எல்லாம் செல்சியஸ். இரண்டு பக்கமும் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் பாம்புக்கு விலகிப் போக இடமில்லை. சூடு வேண்டும்போது இந்தப் பக்கம், போதும் என்றால் அந்தப் பக்கம் என்று நகர்ந்துதான் அது தன் உடம்பைச் சீராக வைத்துக்கொள்கிறது.

முதலில் அறையை அளங்கள்

பெட்டி வாங்கும் முன், பாம்பு வாங்கும் முன், ஒரு வெப்பமானி வாங்குங்கள். ஆகக் கூடியதும் ஆகக் குறைந்ததும் நினைவில் நிற்கும் டிஜிட்டல் வகை வேண்டும். பெட்டி வைக்கப் போகும் இடத்தில் ஒரு வாரம் வைத்து, ஒவ்வொரு காலையும் குறைந்த அளவை எழுதுங்கள். உங்கள் ஊர்க் குளிரை அல்ல, உங்கள் காம்பராவின் குளிரை அறிய வேண்டும். தகரக் கூரை போட்ட லயத்துக் காம்பரா பகலில் சுடும். இரவு எட்டு மணிக்கே சில்லிட்டுவிடும். கல்லுச் சுவர் வைத்த பழைய பங்களாக்களில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு, ஆனால் ஜூன், ஜூலையில் சுவரே வியர்க்கும்.

ஆண்டில் இரண்டு விதக் குளிர் வருவதையும் கணக்கில் எடுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் பகல் வெயிலும் இரவுப் பனியும், வித்தியாசம் பெரிது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் நாட்கணக்கில் வெயில் முகமே தெரியாது. இரவு அவ்வளவு குளிராது, ஆனால் பகலிலும் சூடு ஏறாது. முன்னதற்கு ஹீட்டரின் பலம் வேண்டும். பின்னதற்கு ஹீட்டர் ஓயாமல் உழைக்க வேண்டும். மே மாதத்தில் அளந்துவிட்டு "எங்க வீட்டுல 19க்குக் கீழ போகல" என்று திருப்திப்பட்டால் ஜனவரியில் வருந்த நேரும். பனிக்காலத்துக்காக இன்னும் 5, 6 பாகை கழித்துக்கொள்ளுங்கள்.

இடம் தேர்வு: வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், சீமெந்துத் தரையில் வேண்டாம். உள்சுவர்ப் பக்கம், இரண்டடி உயரத்தில் மேசை மேல் வையுங்கள். அடுப்படி சூடாக இருக்கிறது என்று அங்கே வைக்க நினைப்பார்கள். விறகு அடுப்பு இரவில் அணைந்துவிடும். புகையோ பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது. காலை வெயில் நேராக விழும் ஜன்னலும் கூடாது. மலை வெயில்தானே என்று இருந்துவிட வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் விழுந்தால் சிறிது நேரத்திலேயே 40 பாகையைத் தாண்டிவிடும். குளிரில் பாம்பு நாட்கணக்கில் நோய்ப்படும். மிஞ்சிய சூட்டில் அரை மணி நேரத்தில் செத்துப்போகும்.

பெட்டி

மீன் தொட்டிக் கண்ணாடியில் பாம்பை வைப்பது கொழும்பில் நடக்கும். இங்கே கண்ணாடி எல்லாப் பக்கமும் சூட்டை வெளியே விட்டுவிடும். மேலே வலை மூடி வேறு இருந்தால் ஏற்றும் சூடெல்லாம் கூரைக்குத்தான். 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில் ஐந்து பக்கமும் மூடி, முன்னால் மட்டும் கண்ணாடி நகரும்படி தச்சரிடம் செய்வியுங்கள். வளர்ந்த கோர்ன் ஸ்னேக்குக்கு நாலடி நீளம், இரண்டடி ஆழம் நல்ல அளவு. குட்டிக்குச் சிறிது போதும்.

அதற்கு மேல் நம் ஊர்க் கம்பளி வேலையை இங்கே செய்யலாம்: பெட்டிக்கு வெளியே, முன்பக்கம் தவிர மற்ற ஐந்து பக்கமும் ஓரங்குல ரெஜிபோம் (தெர்மோகோல்) அட்டை ஒட்டுங்கள். ஹீட்டர் உள்ளே சூட்டை உண்டாக்குகிறது. இனிப் பிடித்து வைக்கும் போர்வைக்குப் பொருள் உண்டு. மூன்றடிப் பெட்டி ஒன்றுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறை 13 பாகை, பெட்டி 25 பாகை என்றால், வெறும் பிளைவுட் பெட்டி ஏறக்குறைய 100 வாட் கேட்கும். ரெஜிபோம் ஒட்டினால் 50 வாட் போதும். மீதி இழப்பு முன் கண்ணாடி வழியே. இரவில் கண்ணாடிக்கு முன்னால் தடித்த துணித் திரை தொங்கவிட்டால் அதிலும் கொஞ்சம் மிஞ்சும். ரெஜிபோம் எரியக்கூடியது. ஆகவே எப்போதும் பெட்டிக்கு வெளியேதான். ஹீட்டர், ஹோல்டர், வயர் எதுவும் அதைத் தொடக் கூடாது. ஹோல்டர் பொருத்தும் இடத்தில் கையகலத்துக்கு அட்டையை வெட்டி எடுத்துவிடுங்கள்.

காற்று ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். சூடான பக்கத்தில் கீழே நாலைந்து ஓட்டை, குளிர்ந்த பக்கத்தில் மேலே நாலைந்து ஓட்டை. காற்று போகாத பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும்.

எந்த ஹீட்டர்

ஹீட் மெட் என்பது மெல்லிய தகடு. அது மேலே படுப்பதைச் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. குளிர்ந்த காம்பராவில் மெட்டை மட்டும் வைத்தால், பாம்பின் வயிறு 30 பாகையில் இருக்க, மூச்சு இழுக்கும் காற்று 15 பாகையில் இருக்கும். அதனால் நம் ஊரில் முதன்மை ஹீட்டர் மேலிருந்து வர வேண்டும். பீங்கான் ஹீட்டர் பல்பு இதற்கு ஏற்றது: வெளிச்சமில்லை, வெப்பம் மட்டும். ரெஜிபோம் ஒட்டிய மூன்றடிப் பெட்டிக்கு 100 வாட் பல்பு போதும். 150 வாட் தேவைப்பட்டால் பெட்டியில் எங்கோ சூடு ஒழுகுகிறது. பல்பை மாற்றும் முன் அதைத் தேடுங்கள். கூரையில் பொருத்தும் கதிர்வீச்சுப் பலகைகள் இதைவிடச் சீரானவை, கிடைத்தால் எடுக்கலாம்.

பீங்கான் பல்பின் மேற்பரப்பு 200 பாகைக்கு மேல் போகும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்; பீங்கான் ஹோல்டர் மட்டுமே. பல்பைச் சுற்றிக் கம்பிக் கூடு கட்டாயம். பாம்பு சூட்டைத் தேடி ஏறும், பல்பைச் சுற்றிக்கொள்ளும், தோல் வெந்து போகும் வரை விலகாது. சுடுகிறது என்று உடனே கையை இழுத்துக்கொள்ளும் நம்மைப் போல அது நடந்துகொள்வதில்லை. கம்பிக் கூட்டின் கண்ணிகள் பாம்பின் தலை நுழையாத அளவு சிறியதாக இருக்கட்டும்.

மெட்டை இரண்டாவது ஹீட்டராக, சூடான பக்கத்து ஒளிவிடத்துக்கு (பாம்பு ஒளிந்துகொள்ளும் மறைவிடத்துக்கு)க் கீழே, பெட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வைக்கலாம். மரப் பெட்டியில் வெளியே ஒட்டினால் சூடு ஏறாது. உள்ளே வைத்து, மேலே மெல்லிய தரை ஓடு ஒன்றைப் பதித்து, பாம்பு அதன் கீழே நுழைய முடியாதபடி விளிம்பை அடைக்க வேண்டும். அதன் மேல் தும்புத்தூளை அள்ளிக் கொட்டாதீர்கள். தடித்த படுக்கைக்குக் கீழே சூடு சிக்கி, பாம்பு புதைந்து போய்ப் படுக்கும் இடத்தில் 45 பாகை இருக்கலாம்.

கோழிக் குஞ்சுக்குப் போடும் சிவப்பு பல்பு தீவனக் கடைகளில் கிடைக்கும், பலரும் அதை மாட்டிவிடுகிறார்கள். 250 வாட் பல்பு கோழிக்கூட்டுக்கு உரியது, சிறு பெட்டிக்கு அல்ல. இரவெல்லாம் சிவப்பு வெளிச்சத்தில் பாம்புக்கு இரவே இல்லாமல் போகும். வெப்பக் கல் என்று விற்கும் மின்சாரக் கல்லை வாங்கவே வேண்டாம்; ஓரிடம் சுடும், ஓரிடம் சில்லிடும், வயிற்றுக் காயத்துக்கு அதுவே பெரும் காரணம். கரிச்சட்டி, மண்ணெண்ணெய் ஹீட்டர் ஆகியவற்றை மூடிய காம்பராவில் வைப்பது பாம்புக்கு மட்டுமல்ல, அங்கே தூங்கும் மனிதர்களுக்கும் உயிராபத்து.

தெர்மோஸ்டட் இல்லாமல் எதையும் பிளக்கில் சொருகாதீர்கள்

தெர்மோஸ்டட் என்பது சொன்ன சூடு வந்ததும் ஹீட்டரை நிறுத்தி, இறங்கியதும் மீண்டும் போடும் கருவி. அது இல்லாமல் என் முதல் பாம்புக்கு நான் செய்த கெடுதியை இங்கே எழுதியாக வேண்டும். மெட் வாங்கிய கடையில் "இது தானா நிக்கும், தெர்மோஸ்டட் தேவையில்லை" என்றார்கள். நம்பினேன். மூன்றாம் வாரம் பாம்பைத் தூக்கியபோது வயிற்றுச் செதில்கள் ஒரு கைவிரல் நீளத்துக்குப் பழுப்பாகி உரிந்திருந்தன. அந்தக் காயம் ஆற நாலு தோல் உரிப்புகள் ஆயின. தடம் இன்றும் இருக்கிறது. மெட்டின் மேல் அன்று அளந்தபோது 47 பாகை. தெர்மோஸ்டட் ஹீட்டரோடு சேர்த்து வாங்கும் கூடுதல் பொருள் அல்ல. காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், சேர்த்து முடியும் வரை பாம்பு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

பீங்கான் பல்புக்கு, துடிப்புத் துடிப்பாக மின்சாரம் விடும் தெர்மோஸ்டட் நல்லது. அது கிடைக்காதவர்கள் எஸ்டிசி-1000 என்ற சிறு கருவியைப் பயன்படுத்துகிறார்கள். முட்டை பொரிக்கும் பெட்டி செய்பவர்களிடமும் அது இருக்கும். சொன்ன அளவு வந்ததும் நிறுத்தும், இறங்கியதும் போடும். அதன் பின்புறத்தில் மின் முனைகள் திறந்தபடி இருக்கும்; எரியாத பெட்டி ஒன்றுக்குள் வைத்து, தெரிந்த மின்வேலைக்காரரைக் கொண்டு இணைப்பிக்க வேண்டும். அதன் அமைப்புகளில், எஃப்1இல் வேண்டிய பாகை, எஃப்2இல் எவ்வளவு இறங்கினால் மீண்டும் போட வேண்டும் என்பது. எஃப்4 திருத்த அளவு.

அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விடாதீர்கள். ஒரு கோப்பையில் ஐஸ் கட்டிகளை நொறுக்கி நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, உணர்முனையை (கருவியின் வயர் நுனியில் சூட்டை அளக்கும் பகுதியை) நடுவில் ஐந்து நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். 1.5 காட்டினால் எஃப்4இல் அதைக் கழிக்கலாம். சிலர் கொதிநீரில் 100 பார்க்கிறார்கள். மலையில் அந்தச் சோதனை பிழைக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஐஸ் உருகும் அளவு மட்டும் எங்கும் ஒன்றே.

உணர்முனையை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி விபத்துகள். மேல் ஹீட்டருக்குரிய முனை, சூடான பக்கத்தில் பாம்பின் முதுகு உயரத்தில், பல்புக்கு நேர் கீழே. மெட்டுக்குரியது ஓட்டின் மேல், ஒளிவிடத்துக்குள். இரண்டையும் ஆணிக் கிளிப்பால் இறுக்கிப் பொருத்துங்கள். ஒட்டு நாடா உள்ளே கூடவே கூடாது. பாம்பின் செதிலில் ஒட்டித் தோலைக் கிழிக்கும். என் வீட்டில் ஒருமுறை பாம்பு முனையைத் தட்டித் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தள்ளிவிட்டது. கிண்ணம் 21 பாகை என்று சொல்ல, கருவி பல்பை அணைக்கவே இல்லை. நான் தற்செயலாக இரவு பதினொரு மணிக்குப் பெட்டியைத் தொட்டுப் பார்த்ததால் அந்தப் பாம்பு பிழைத்தது. அதற்குப் பிறகு இரண்டாவது கருவி ஒன்றைத் தொடராக இணைத்து, முதலாவதைவிட 3 பாகை கூட்டி வைத்தேன். முதலாவதின் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டு போனாலும் இரண்டாவது துண்டித்துவிடும். இதன் முனை வேறிடத்தில் இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், குளிர்ந்த பக்கத்தில் தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். தரையை அளக்க அகச்சிவப்புத் துப்பாக்கி வசதியானது. கொரோனா காலத்தில் கடைக்குக் கடை வைத்திருந்த நெற்றி வெப்பமானி வீட்டில் இருந்தால், அதை அப்படியே பயன்படுத்த முடியாது. மனித உடம்புக்கான நிலையில் அது 32 பாகைக்குக் கீழே காட்டாது. மேற்பரப்பு நிலைக்கு மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள்.

வயர் வேலை

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதைத் தெரிந்தவர் செய்ய வேண்டும். லயத்து வயரிங் பழையது; ஒரே பொயிண்டில் இருந்து கேத்தலும் அயனும் ஹீட்டரும் எடுக்க வேண்டாம். 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கில் கடையில் போட்டுவரும் 13 அம்பியர் பியூசைக் கழற்றி 3 அம்பியர் போடுங்கள். நம் தேவைக்கு அதுவே தாராளம், வயர் பழுதானால் வேகமாகப் போகும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்க்க வேண்டும். வயர் பெட்டியிலிருந்து பிளக்குக்குப் போகும் வழியில் பிளக்கைவிடக் கீழே ஒருமுறை தொங்கி ஏறட்டும். தண்ணீர் வழிந்தால் அங்கே சொட்டும்.

ஈரம்

மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும் ஊரில் பாம்புக்குத் தோல் காய்ந்து உரியாமல் போகிறது என்றால் நம்ப முடியாது. ஆனால் நடக்கும். 15 பாகையில் 90 சதவீத ஈரம் உள்ள காற்றை 28 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரம் 40 சதவீதமாக இறங்கிவிடும். காற்றில் உள்ள தண்ணீர் குறையவில்லை. சூடான காற்று இன்னும் அதிகம் கேட்கிறது. கோர்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60 போதும். போல் பைதனுக்கு 55 முதல் 70 வேண்டும்.

பெட்டி முழுவதும் தண்ணீர் தெளிப்பது தவறான மருந்து; குளிர்ந்த பக்கத்தில் நனைந்த படுக்கை கிடந்தால் செதில் அழுகும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் வழவழப்பான ஓட்டை போட்டு, பிழிந்த தும்புத்தூள் பாதி நிரப்பி, சூடான பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில் வையுங்கள். தோல் உரிக்கும் முன் கண் வெள்ளையாகும்போது பாம்பே அதற்குள் போய்ப் படுக்கும். மர ஆலையில் இலவசமாகக் கிடைக்கும் தூளை வாங்கிவராதீர்கள்; நம் மலைகளில் அறுக்கப்படுவதில் பைனசும் யூக்கலிப்டசும் நிறைய, அவற்றின் எண்ணெய் வாசம் சூடேறும்போது பாம்பின் மூச்சைப் பாதிக்கும். முதல் மாதம் பத்திரிகைத் தாளே படுக்கையாக இருக்கட்டும். மலம், இரத்தம், கக்கிய இரை எல்லாம் கண்ணில் படும்.

பாம்பில்லாமல் ஏழு நாள்

எல்லாம் பொருத்திய பிறகு பெட்டியை வெறுமையாக ஏழு நாள் ஓடவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் ஒளிவிடங்களும் உள்ளே இருக்கட்டும். காலை, மதியம், படுக்கும் முன் மூன்று அளவும், ஒரு இரவாவது அலாரம் வைத்து விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு அளவும் எழுதுங்கள். அந்த நேரம் பல்பு ஓயாமல் எரிந்துகொண்டே இருந்து, அளவும் ஏறாமல் இருந்தால், ஹீட்டர் தன் எல்லையில் நிற்கிறது. இதைவிடக் குளிரான இரவைத் தாங்காது. கொஞ்சம் எரிந்து, கொஞ்சம் ஓய்ந்து, மீண்டும் எரிந்தால் கையில் இருப்பு இருக்கிறது என்று பொருள். ஏழு நாளும் சீராக வந்தால் பாம்பைக் கொண்டுவரலாம். வந்த பிறகும் ஒரு வாரம் இரை கொடுக்காமல் அமைதியாக விடுங்கள்.

கரண்ட் பில்லையும் இந்த வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். சராசரி 35 வாட் என்றால் மாதம் 25 யுனிட் வரும். 25 யுனிட் சிறிதாகத் தோன்றும், ஆனால் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 50 யுனிட் எரிக்கும் குடும்பம் 60ஐத் தாண்டினால் கூட்டிய 25க்கு மட்டுமல்ல, முழுப் பில்லுக்கும் வேறு கணக்கு. பில் கட்டுபவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பில் ஏறியதால் இரவில் யாரோ சுவிட்சை அணைத்துவிட்டு, பாம்பு நோய்ப்பட்ட வீடு எனக்குத் தெரியும்.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவித்தார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைகளைச் சரித்துப் போட்டபோது, மனிதர்களையே தேடிக்கொண்டிருந்த நாட்களில், பல தோட்டங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே மின்சாரம் போகும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் செய்ய வேண்டாம். பெட்டியைத் திறக்காமல், மேலே கம்பளி போர்த்திவிடுங்கள். இப்போதுதான் அம்மாவின் கம்பளிக்கு வேலை. ரெஜிபோம் ஒட்டிய பெட்டி மெதுவாகவே ஆறும். நீளும் என்று தெரிந்தால், மீன்கடையில் கிடைக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்றை முன்கூட்டியே கழுவிக் காயவைத்து எடுத்துவைத்திருங்கள். பாம்பைத் தலையணை உறையில் விட்டு வாயைக் கட்டி, அந்தப் பெட்டியில் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய போத்தலைத் துவாயில் சுற்றி ஒரு ஓரத்தில் வையுங்கள். கொதிநீர் வேண்டாம். மூடியில் சிறு ஓட்டைகள் இருக்கட்டும். இரண்டு மூன்று மணிக்கொருமுறை போத்தல் மாற்ற வேண்டும். விறகு அடுப்பு உள்ள வீட்டில் இது சிரமமில்லை. சிறு இன்வெர்ட்டரும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி பெட்டரியும் இருந்தால் 20 வாட் மெட்டை மட்டும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டலாம். பீங்கான் பல்புக்கு அது போதாது.

புயல் எச்சரிக்கை வந்தால் இரை கொடுக்காதீர்கள். வயிற்றில் எலியோடு பாம்பு குளிர்ந்தால் இரை செரிக்காமல் அழுகும், கக்கிவிடும். குளிர்ந்துபோன பாம்பை ஹீட்டருக்கு அடியில் திடீரென்று போடவும் கூடாது. சில மணி நேரத்தில் மெல்ல ஏற்றி, இரண்டு நாள் சரியான சூட்டில் இருந்த பிறகே இரை. கக்கியிருந்தால் குறைந்தது பத்து நாள் பொறுத்து, வழக்கத்தில் பாதி அளவு எலி கொடுங்கள்.

பாம்பு சொல்வதைக் கேட்க

பாம்பு எந்நேரமும் சூடான பக்கத்திலேயே ஒட்டிக்கிடந்தால் பெட்டி குளிர். எந்நேரமும் குளிர்ந்த பக்கத்தில், அல்லது தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தால் சூடு மிஞ்சியிருக்கலாம், உண்ணியும் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, இழுப்புச் சத்தம், தலையை மேலே தூக்கியபடியே வைத்திருப்பது இவை நெஞ்சுச் சளியின் அடையாளங்கள். சூட்டைக் கூட்டிப் பார்ப்போம், கசாயம் தடவிப் பார்ப்போம் என்று நாள் கடத்தாதீர்கள்; இதற்கு மருந்தூசி வேண்டிவரும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும் முன் தொலைபேசியில் பேசி, ஊர்வனவற்றைப் பார்க்கும் வைத்தியர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிவைத்த வெப்ப அளவுக் கொப்பியையும் கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். பயணத்துக்கும் அதே ரெஜிபோம் பெட்டி, தலையணை உறை, துவாயில் சுற்றிய போத்தல். ஹட்டனிலிருந்து இறங்கும்போது கினிகத்தேனை, நாவலப்பிட்டி என்று ஊருக்கு ஊர் சூடு கூடும். கம்பளை தாண்டியதும் போத்தலை வெளியே எடுத்துவிட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.